காவலுக்கு நிறுத்துன பிளேன்

ஜன்னல் திரை ரெண்டையும் ஒரே நேரத்துல தொவைக்கப் போட்டதுக்கு எங்க வீட்டுக்காரரு என்னை ஒரு பார்வை பாத்தாரு பாருங்க, அந்தப் பார்வையிலதான் எனக்கு எல்லாமே ஆரம்பிச்சுது. மைசூர்ல அக்ரஹாரத்துக்குப் பின்னாடி ஒரு சந்துல வாடகைக்கு இருந்தோம். இப்பவும் அங்கதான் இருக்கேன், நானும் பாப்பாவும். தெருப்பக்கம் ரெண்டு ஜன்னல். எதிர்வீட்டு மாடியில கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ட்ரெய்னிங் வந்த பசங்க தங்கியிருந்தாங்க. யுகாதிக்கு வீடு தொடைக்கலாம்னு ஒரு லீவு நாள்ல ரெண்டு திரையையும் கழட்டி வாளியில ஊற வெச்சிட்டேன். அவரு நைட் ஷிப்டு முடிஞ்சு வந்தாரு. செருப்பக் கூட விடல. ஜன்னல பாத்தாரு, வாளிய பாத்தாரு, "ரெண்டையும் ஒண்ணாவா கழட்டுன?"ன்னு கேட்டாரு. கோவமா கேட்டிருந்தா நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். கோவமே இல்ல. மூஞ்சி வெளுத்துப் போச்சு. அவரே வாளியில கைய விட்டு ஒரு திரைய எடுத்துப் பிழிஞ்சு, தண்ணி சொட்டச் சொட்ட ஜன்னல்ல மாட்டுனாரு. மாட்டிட்டு எதிர்மாடிய ஒரு தரம் நிமிந்து பாத்தாரு. நான் அதையும் பாத்தேன். ஓகோ, சங்கதி இதுதானான்னு மனசுக்குள்ள முடிஞ்சு வெச்சுக்கிட்டேன்.

அவரு கப்பல் படையில இருந்துட்டு வந்தவரு. நான் மாமான்னுதான் கூப்பிடுவேன். ரெண்டு பேருக்கும் ஊரு கொள்ளேகாலத் தாண்டி அனூர் பக்கம் கௌதள்ளி. நான் எட்டாவதோட பள்ளிக்கூடத்த விட்டவ, அவரு பன்னெண்டு முடிச்ச கையோட படைக்குப் போனவரு. பிளேன் ஏறி எறங்கற பெரிய கப்பல் இருக்கில்ல, அதுலதான் வேலை. பிளேன் ஓட்டறவரு இல்ல. பிளேனோட ரெக்கைக்கு அடியில குண்டும் ஏவுகணையும் மாட்டறவரு, வேண்டாம்னா திரும்பக் கழட்டறவரு. மேல் தளத்துல அந்த வேலை செய்யறவங்க எல்லாம் செவப்பு ஜாக்கெட்டாம். கல்யாணமானப்போ இன்னும் சர்வீஸ்ல இருந்தாரு, பாப்பா பொறந்த பின்னாடிதான் முடிச்சுட்டு வந்தாரு. மைசூர்லயே ஹெப்பாள்ல ஒரு பாக்டரியில மிஷின் ரிப்பேருக்குச் சேந்தாரு. எனக்கும் பக்கத்துலயே இன்னொரு பாக்டரியில பேக்கிங் வேலை கெடச்சுது.

நைட் ஷிப்டுன்னா எல்லாரும் ஓடி ஒளிவாங்க. இவரு போய்க் கேட்டு வாங்கிக்கிட்டாரு. காலையில அவரு வீட்டுப் படி ஏறுவாரு, நான் எறங்குவேன். சாவி, பாப்பாவோட டிபன் டப்பா, பால் வந்துச்சா இல்லையா, எல்லாம் வாசப்படியிலயே பேசி முடிஞ்சுடும். என்கூட பேக்கிங்ல மண்டியாக்காரி ஒருத்தி இருக்கா, வாய் சும்மாவே இருக்காது, எவளையும் கன்னடத்துல 'கணே' போட்டுத்தான் கூப்பிடுவா. "ஏன் கணே, புருஷன வாசப்படியிலதான் பாக்கறேங்கற, அப்போ கொழந்தை எங்கிருந்து வந்துச்சு, கொரியர்லயா?"ன்னு கேப்பா. லைன்ல இருக்கற அத்தனை பொம்பளைங்களும் சிரிக்கும். நானும் சிரிச்சுட்டு டப்பாவ ஒட்டுவேன். உள்ளுக்குள்ள எரியும்.

ஏன்னா நாங்க மூணு பேரும் சேந்து வெளிய போனதே கெடையாது. தசராவுக்கு லைட்டு பாக்க ஊரே கூட்டம் கூட்டமாப் போகும். எங்க வீட்டுல மொதல்ல நானும் பாப்பாவும் போயிட்டு வரணும், மறுநாளு அவரும் பாப்பாவும். கல்யாணங்காட்சின்னா ஒருத்தரு. சாவுன்னாலும் ஒருத்தரு. அதோட நின்னா பரவால்ல. மிக்சியும் குக்கரும் ஒண்ணா ரிப்பேருக்குக் குடுக்கக் கூடாது. ரெண்டு பேர் போனையும் ஒண்ணா சார்ஜ்ல போடக் கூடாது. என் செருப்பு பிஞ்சிருந்தா அவரு தைக்கக் குடுத்த செருப்பு திரும்பி வர்ற வரைக்கும் நான் பின்னு குத்திக்கிட்டு நடக்கணும். பொருளுக்குன்னா சிரிப்பு வந்துச்சு. ஆளுக்குன்னா வரல. பொண்டாட்டிய வீட்டுக்குள்ளயே நிறுத்தி வெக்கற ஆம்பளைக்கு ஒண்ணு பொண்டாட்டி மேல சந்தேகம் இருக்கணும், இல்லாட்டி வெளிய அவனுக்கு வேற ஏதாச்சும் இருக்கணும். இத நானா சொல்லல, மண்டியாக்காரி சொன்னா. ஆனா அவ சொல்றதுக்கு முன்னாடியே நான் நெனச்சிருந்தேன்.

ஏன் மூணு பேரும் ஒண்ணா வெளிய போகக் கூடாதுன்னு ஒரு தரம் நேராவே கேட்டுட்டேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தேன். அவரு எந்திரிச்சு வந்து, சாப்பிடற தட்ட என் முன்னாடி வெச்சு, இதான் கப்பலுன்னாரு. உரிச்ச வெங்காயத்த எடுத்து அதுல அடுக்குனாரு. அதெல்லாம் பிளேனாம். தட்டு எவ்வளவுதான் பெருசு, எத்தனை வெங்காயம் கொள்ளும், நீயே பாருன்னாரு. அவரு சொன்னது எனக்குப் புரிஞ்ச மட்டுக்கும் இதான்: பிளேன் ஒண்ணேதான், ரெக்கையில என்னத்த மாட்டறோமோ அதப் பொறுத்து வேலை மாறும். வானத்துல வர்ற எதிரி பிளேன அடிக்கற ஏவுகணைய மாட்டுனா அது கப்பலுக்குக் காவல். குண்ட மாட்டுனா அது வெளிய போய் அடிக்கறதுக்கு. அடிக்கறதுக்கே நெறையா ஒதுக்கிட்டா கப்பலப் பாத்துக்க ஆளு கம்மியாயிடும். அத்தனையும் காவலுக்கே நிறுத்திட்டா அப்பறம் கப்பல் எதுக்கு அவ்வளவு தூரம் போவணும், கரையிலயே கட்டிப் போட்டுடலாமே. அடிக்கப் போற பிளேனுக்கும் வழித்துணைக்கு ரெண்டு போகணும், அதுவும் இந்தத் தட்டுல இருந்துதான் போகணும். பெரிய ஆபீசருங்க தெனமும் முட்டிக்கறதே இதுக்குத்தானாம். நடுவுல ஒண்ணக் கழட்டி இன்னொண்ண மாட்டச் சொன்னா நேரம் புடிக்கும். "மாத்தற நேரத்துல அது இதுக்கும் ஆகாது, அதுக்கும் ஆகாது புள்ள. சும்மா நிக்கற இரும்பு"ன்னாரு. அதனால கப்பல்ல ஒரு ரூல், எல்லாத்தையும் வெளிய அனுப்பக் கூடாது, ஒண்ணு எப்பவும் காவலுக்கு நிக்கணும். நம்ம வீட்டுக்கும் அதே ரூல்தான்னு முடிச்சாரு.

"நம்ம வீட்டுல எவன் மாமா குண்டு போட வர்றான்?"னு கேட்டேன்.

"வர்றவன் சொல்லிட்டா வருவான்?"னாரு.

எந்திரிச்சுப் போய்ப் படுத்துக்கிட்டாரு. நான் கப்பல கழுவி வெச்சேன். நம்பல. ஒரு வெங்காயத்த வெச்சு என் வாய அடைச்சுட்டாருன்னுதான் தோணுச்சு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல கப்பல் கதைய எனக்கு வெவரமாச் சொன்னது அது ஒண்ணுதான். அதையும் நான் சந்தேகப்பட்டுக் கேட்ட பின்னாடி சொன்னாரு. அதனாலயே அது பொய்யின்னு முடிவு பண்ணுனேன். அதுக்கப்பறம் அவரு தூங்கறப்போ மூஞ்சியப் பாப்பேன். வேற ஏதாச்சும் தெரியுதான்னு பாப்பேன். தூங்கற மனுஷன் மூஞ்சியில என்ன தெரியும், ஒண்ணும் தெரியாது. அவரு கொள்ளேகால் பக்கம் போயிட்டு வந்தாருன்னா சட்டைய மோந்து கூட பாத்திருக்கேன். பஸ் வாசனைதான் வந்துச்சு.

போன வருஷம் எங்க நாத்தனாரு கௌதள்ளியில புதுசா வீடு கட்டி கிரகப்பிரவேசம் வெச்சாங்க. அவரு கூடப் பொறந்த ஒரே தங்கச்சி. இதுக்காச்சும் மூணு பேரும் சேந்து போவோம்னு நெனச்சு பாப்பாவுக்கு ஜடைக்குக் குஞ்சலம் வரைக்கும் எடுத்து வெச்சேன். விசேஷத்துக்கு மொத நாளு காலையில அவரு மட்டும் பைய எடுத்தாரு. நீங்க ரெண்டு பேரும் இருங்க, நான் தலையக் காட்டிட்டு வந்துடறேன்னாரு. நான் குஞ்சலத்தத் திரும்ப டப்பாவுல போட்டேன். கதவுகிட்ட நின்னு, கேஸ மூடிட்டியான்னு கேட்டாரு. மூடிட்டேன்னு தலைய ஆட்டுனேன். அவ்வளவுதான், அதுக்கு மேல எங்களுக்குள்ள பேச்சு இல்ல.

கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டுல எறங்கி அனூர் பஸ்ஸுக்குப் போறப்போ நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாராம். உக்காந்தவரு சாஞ்சுட்டாரு. யாரோ ஆட்டோவுல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. போறதுக்குள்ள முடிஞ்சுது. மாமா நம்பர்ல இருந்து என் போனுக்குக் கன்னடத்துல ஒருத்தரு பேசுனாரு. யாரு இவன், இவரு போன் இவங்கிட்ட எப்படி வந்துச்சுன்னுதான் எனக்கு மொதல்ல ஓடுச்சு. ஆளு போயிட்டாருங்கறது அப்பறமாத்தான் காதுல ஏறுச்சு.

சாவு வீட்டுல ஒறம்பரை எல்லாம் கூடுச்சு. எங்க மாமியா என் கையப் புடிச்சுக்கிட்டு, என்ன சண்டை சாமி, எதுக்கு அவன் தனியா வந்தான்னு கேட்டு அழுதாங்க. சண்டை இல்லீங்கத்தைன்னேன். யாரு நம்பறது. பந்தலுக்குப் பின்னாடி ஒரு பொம்பள கொரலு, "பொண்டாட்டி மேல நம்பிக்கை இருந்தா எவனாச்சும் இப்படி ஒத்தையா வருவானா"ன்னு சொல்லுச்சு. யாருன்னு எட்டிப் பாக்கல. நான் வருஷக்கணக்கா எனக்குள்ள சொல்லிக்கிட்டிருந்தத அந்தம்மா சத்தமா சொல்லுச்சு, அவ்வளவுதான். கூடப் போயிருந்தா தண்ணியாச்சும் குடுத்திருப்பேன். தலைய மடியில வெச்சிருப்பேன். என்னைக் கூட்டிட்டுப் போகாதது நம்பிக்கை இல்லாமத்தான்னா, அப்பறம் நான் யாருக்காக அழுவுறேன்? இந்த ஒரு கேள்விதான் என்னைத் தின்னுச்சு. அழுகை வர்றப்பெல்லாம் இந்தக் கேள்வி முன்னாடி வந்து நிக்கும், அழுகை நின்னுடும்.

அப்பறம் ஒருநா மத்தியானம் சீஃப் வந்தாரு. கப்பல்ல எங்க வீட்டுக்காரருக்கு மேல இருந்தவரு. இவரு வாயில சீஃப் சீஃப்னு கேட்டிருக்கேன், ஆளப் பாத்ததில்ல. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரு, ரிட்டயரு ஆயிட்டாரு. சேதி லேட்டாத்தான் தெரிஞ்சுது, மன்னிச்சுக்கங்க அம்மிணின்னு கையில பழத்தோட நின்னாரு. நான் வீட்டுல தனியா, பாப்பா தூங்கறா. உள்ள வாங்கன்னு சொல்ல வாய் வரல. சேர எடுத்து வாசல்லயே போட்டுட்டு, கதவத் தெறந்து வெச்சு நெலைப்படியில சாஞ்சு நின்னேன். இவ்வளவு நாள் கழிச்சு இந்தாளு எதுக்கு வந்தாரு, யாரு அனுப்புனது, மாமியா சொல்லி வந்தாரோன்னு ஒவ்வொண்ணா ஓடுச்சு. அவரு பாட்டுக்கு மாமாவப் பத்தி நல்லதாவே சொல்லிக்கிட்டிருந்தாரு. செத்தவங்களப் பத்தி எல்லாரும் நல்லதுதான் சொல்லுவாங்க. நான் நடுவுல, ஒண்ணுமே தெரியாதவ மாதிரி, கப்பல்ல எல்லா பிளேனையும் வெளிய அனுப்பக் கூடாது, ஒண்ணு காவலுக்கு நிக்கணும்னு ரூல் இருக்குதுங்களான்னு கேட்டேன்.

அவரு யோசிக்கக் கூட இல்ல. அப்படி ரூல் எல்லாம் ஒண்ணும் இல்லீங்க அம்மிணின்னாரு. அது அன்னன்னைக்கு மாறுமாம். ஒருநா நெறையா அடிக்கப் போகும், ஒருநா நெறையா காவலுக்கு நிக்கும், சுத்தி வர்ற மத்த கப்பலுங்க இருக்கு, அதுங்களும் பாத்துக்கும், மேல இருக்கறவங்க கணக்குப் போட்டு முடிவு பண்ணுவாங்கன்னாரு. அப்போ நான் நெனச்சது சரி. தட்டும் பொய்யி, வெங்காயமும் பொய்யி. என் மூஞ்சி போன போக்கப் பாத்து ஏன் அம்மிணி கேக்கறீங்கன்னாரு. நான் அடக்கல. தசரா லைட்டுல இருந்து கிரகப்பிரவேசம் வரைக்கும் எல்லாத்தையும் கொட்டிட்டேன். மூணாவது மனுஷங்கிட்ட சொல்லக் கூடாதத எல்லாம் சொல்லிட்டேன்.

நான் குடுத்த காப்பிய அவரு பாதியில நிறுத்துனாரு. கையில இருந்த டம்ளரக் கீழ வெச்சாரு. அப்பறம் சொன்னாரு.

கடல்ல ஒரு பொய்ச்சண்டையாம். பயிற்சிக்காக நம்மாளுங்களே ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு மோதிக்கறது. மாட்டற குண்டெல்லாம் டம்மி. இவங்க கப்பல்ல ரெண்டு பிளேன் ஏவுகணையோட காவலுக்கு நின்னுருக்கு, மிச்சம் எல்லாம் அடிக்கப் போயிடுச்சு. அந்த ரெண்டையும் குண்டுக்கு மாத்தி அனுப்புங்கன்னு மேல இருந்து சேதி வந்துருக்கு. மாத்தற கூட்டத்துக்கு எங்க வீட்டுக்காரருதான் முன்னாடி நின்னவரு. ஒண்ண முழுசா மாத்தி முடிச்சுட்டுத்தான் அடுத்ததுல கை வெக்கறது அவங்க வழக்கம். அன்னைக்கு இவரு, சீக்கிரம் முடிச்சுக் காட்டலாம்னு ஆளுங்களப் பிரிச்சு ரெண்டுலயும் ஒண்ணா வேலைய ஆரம்பிச்சுட்டாரு. ஏவுகணையக் கழட்டி வண்டியில வெச்சாச்சு, குண்டு இன்னும் ஏறல, அந்த நேரத்துல எதிர்க் கட்சி பிளேன் வந்துருச்சு. கெளப்பறதுக்கு ஒண்ணு இல்ல. ரெண்டும் சும்மா நிக்கற இரும்பு. கிரிக்கெட்டு மாதிரி அதுக்கும் அம்பயரு ஒருத்தரு கப்பல்லயே இருப்பாராம், கப்பல் முழுகிடுச்சு, எல்லாரும் செத்தாச்சுன்னு சொல்லிட்டாரு.

"பொழுதோட செத்தவங்க எல்லாம் சாப்பாட்டுக்கு வரிசையில நின்னோம் அம்மிணி"ன்னு சீஃப் லேசா சிரிச்சாரு. கருமாதிக்கு அல்வா உண்டான்னு ஒருத்தன் கேட்டானாம், செத்தவனுக்கு என்னடா சப்பாத்தி, தட்ட வெய்யின்னு இன்னொருத்தன் புடுங்குனானாம். ஒரே சிரிப்பு. இவரும் சிரிச்சிருக்காரு. சிரிச்சுக்கிட்டே சீஃப் பக்கத்துல வந்து உக்காந்து, "ரெண்டையும் ஒண்ணா கழட்டிட்டேன் சீஃப்"னு சொன்னாராம். இவரு மேல யாரும் ஒரு வார்த்தை சொல்லல. காவலுக்கு நின்னத அடிக்க அனுப்பச் சொன்ன திட்டமே தப்புன்னு பெரியவங்களே பேசி முடிச்சுட்டாங்க. ஆனா இவரு அத ஏத்துக்கவே இல்லன்னாரு சீஃப்.

அந்த 'ரெண்டையும் ஒண்ணா'ங்கற வார்த்தை காதுலயே நிக்க நான் உள்ள போயிட்டேன். அடுப்படியில சித்த நேரம் சொவத்தப் பாத்துக்கிட்டு நின்னேன். அப்பறமும் என் புத்தி விடல. திரும்பி வந்து, இத உங்ககிட்ட எங்க மாமியா சொல்லச் சொன்னாங்களான்னு கேட்டேன். அவரு முழிச்சாரு. உங்க மாமியா யாருன்னே எனக்குத் தெரியாதே அம்மிணின்னாரு. சரி, கேட்டதுதான் கேட்டாச்சுன்னு மிச்சத்தையும் கேட்டேன்.

"அப்போ என்மேல சந்தேகத்துல இல்லீங்களா?"

"காவலுக்கு நிறுத்தறதுக்குன்னு நாங்க எந்த பிளேன எடுப்போம்னு நெனைக்கறீங்க?"ன்னாரு. "எது மக்கர் பண்ணாதோ, எது சொன்ன நிமிஷம் கெளம்பும்னு நம்பறோமோ அதத்தான் நிறுத்துவோம். நம்பிக்கை இல்லாதத யாராச்சும் காவலுக்கு வெப்பாங்களா அம்மிணி?"

நல்லாத்தான் சொன்னாரு. ஆறுதல் சொல்ல வந்தவரு அப்படித்தான் சொல்லுவாரு. நான் விடாம, அந்த பிளேனுக்குள்ள ஆளு இருப்பாங்களான்னு கேட்டேன். பைலட்டு பெல்ட்டு போட்டு உள்ளயே உக்காந்திருப்பாரு, சேதி வந்தாத்தான் கெளம்புவாரு, வரலைன்னா அப்படியே உக்காந்திருந்துட்டு நேரம் முடிஞ்சதும் எறங்கிப் போவாருன்னாரு. வெயில்லயான்னேன். வெயில்லதான்னாரு. அவரு போன பின்னாடி அதையேதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். என்னை நம்பித்தான் நிறுத்துனாருன்னே வெச்சுக்கறேன். நம்பி நிறுத்துனாலும் வெயிலு வெயிலுதான். எனக்கு யாரும் நேரம் முடிஞ்சுதுன்னு சொல்லல. சந்தேகம் போயிடுச்சான்னு கேட்டா, என்மேல இருந்ததா நான் நெனச்ச சந்தேகம் போயிடுச்சு. அவரு மேல கோவம்தான் ஏறிப் போச்சு. கப்பலோட ரூலுன்னு எதுக்குச் சொல்லணும்? ஒரு தப்பு பண்ணிட்டேன் புள்ள, அதுல இருந்து பயமா இருக்குதுன்னு சொல்லியிருந்தா, சரி மாமா, நான் இருக்கேன், நீ போயிட்டு வான்னு நானே சொல்லியிருப்பேன். மோந்து பாத்த சட்டை எல்லாம் சும்மா மடிச்சு வெச்சிருப்பேன். யாரு வர்றாங்கன்னு கடலப் பாத்துக்கிட்டே இருந்த மனுஷன், பக்கத்துல நின்னவகிட்ட இத ஒரு வார்த்தை சொல்லல. இப்ப நான் அழுதா நிக்காம வருது, அது மட்டும் உண்மை.

சாவு விழுந்ததால நின்னு போன கிரகப்பிரவேசத்த இந்த வருஷம் வெச்சாங்க. நாத்தனாரு போன் பண்ணி, நீ வந்துதான் அண்ணி பால் காய்ச்சணும்னாங்க. சகுனம் பாக்கறவங்க இருப்பாங்களேன்னேன். பாக்கறவங்க வெளிய நிக்கட்டும்னாங்க. அப்பவும் எனக்கு இது நெசமாக் கூப்பிடறதா, ஊரு வாய்க்குக் கூப்பிடறதான்னு ஓடுச்சு. ஓடட்டும்னு விட்டுட்டு, கதவப் பூட்டி சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு, பாப்பாவக் கூட்டிட்டுக் கெளம்பிட்டேன்.

காலையிலயே பஸ்ஸு கெடச்சுது, ஜன்னல் சீட்டும் கெடச்சுது. பாப்பா தாவணி மாதிரி துண்டப் போத்திக்கிட்டு வெளிய பாத்துக்கிட்டே வந்தா. நரசீபுரம் வந்து பஸ்ஸு நின்னப்போ என் பக்கம் திரும்பி, வீட்டுல யாரும்மா இருக்காங்கன்னு கேட்டா. யாரும் இல்லடா, பூட்டிட்டு வந்திருக்கேன்னேன். அவ மூஞ்சி மாறுச்சு. காலத் தொங்கப் போட்டு செருப்பத் தேடி மாட்டுனா. கண்டக்டரு படிகிட்ட நின்னு, யாராச்சும் எறங்கறவங்க இருக்கீங்களான்னு கன்னடத்துல சத்தம் போட்டாரு.

பாப்பா எந்திரிச்சு நின்னுட்டா. "நீ போயிட்டு வாம்மா, நான் எறங்கிக்கறேன்"னா.

நான் அவளத் தூக்கி மடியில வெச்சு ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். எறங்கறவங்க யாரும் இல்லீங்கன்னு கண்டக்டருக்கு நான்தான் சொன்னேன். அவரு ரைட்டுன்னு தட்டுனாரு.